பழைய யுனிக்ஸ் நெட்வேர்க் கட்டளைகள் புதுக் கணினியில் முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஐஎஃப்கொன்ஃபிக் (கணினியின் நெட்வேர்க் முகவரியைக் காட்டுவது), நெட்ஸ்டாட் (திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டுவது), ஆர்லொகின் (வேறு கணினிக்குள் நுழைய விடுவது) மூன்றும் 1983இல் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸோடு வெளியே வந்தவை. எதிர்க் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங்கை அதே ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் எழுதினார். இத்தனை காலம் கழித்தும் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கடையில் நெட்வேர்க் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர் முதலில் அடிப்பது இவற்றைத்தான். சிக்கல் என்னவென்றால், பாதி நேரம் பழுது நெட்வேர்க்கில் இருப்பதில்லை. கட்டளை கணினியில் இருக்காது, அல்லது வேறு கணினியில் பழகிய குறியை (கட்டளைக்குப் பின்னால் சிறுகோட்டோடு வரும் எழுத்தை) இந்தக் கணினியில் போட்டிருப்போம், அல்லது திரையில் வந்த பதிலைத் தப்பாக வாசித்திருப்போம். அதனால் கீழே உள்ளவற்றைத் திரையில் தெரிகிற அறிகுறிப்படி பிரித்திருக்கிறோம். உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அங்கே நேராகப் போகலாம்.

கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்துத் தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறோம். முன்னால் நிற்கும் சிறுகோட்டை விட்டுவிடாதீர்கள்.

எடுத்துக்காட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கடையை வைத்துக்கொள்வோம். ரவுட்டர் 192.168.1.1, பில் போடும் கணினி 192.168.1.20, உங்கள் மடிக்கணினி 192.168.1.35, கெமராவின் டிவிஆர் பெட்டி 192.168.1.50.

அறிகுறி: ‘கொமாண்ட் நொட் ஃபவுண்ட்’

உபுண்டுவில் 18.04 பதிப்பிலிருந்தும் டெபியனில் 9ஆம் பதிப்பிலிருந்தும் நெட்-டூல்ஸ் என்ற பொதி தானாக நிறுவப்படுவதில்லை. ஐஎஃப்கொன்ஃபிக், நெட்ஸ்டாட், ஆர்ப் (பக்கத்துக் கருவிகளின் வன்பொருள் முகவரியைக் காட்டுவது), ரூட் (வெளியே போகும் வழியைக் காட்டுவது) நான்கும் அதற்குள்தான் இருக்கின்றன. ‘சூடோ ஏபிடி இன்ஸ்டோல் நெட்-டூல்ஸ்’ என்று அடித்தால் வந்துவிடும் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்). ஆனால் இன்டர்நெட் ஏன் வரவில்லை என்று பார்க்கத்தான் ஐஎஃப்கொன்ஃபிக் தேடுகிறீர்கள் என்றால், அதை நிறுவவும் இன்டர்நெட் வேண்டுமே! அந்த நேரத்தில் ஏற்கெனவே இருக்கிற புதுக் கட்டளைகளைப் பிடியுங்கள். ஐஎஃப்கொன்ஃபிக்குக்குப் பதில் ‘ஐபி ஏ’. ரூட்டுக்குப் பதில் ‘ஐபி ஆர்’. ஆர்ப்புக்குப் பதில் ‘ஐபி என்’. நெட்ஸ்டாட்டுக்குப் பதில் ‘எஸ்எஸ்’. நெட்ஸ்டாட்டுக்குப் போட்டுப் பழகிய ‘-டிஎல்என்பி’ (-tlnp) குறி எஸ்எஸ்ஸிலும் அப்படியே வேலை செய்யும். முகவரியை மட்டும் சுருக்கமாகப் பார்க்க ‘ஐபி -பிஆர் ஏ’ (ip -br a) போதும், ஓர் இணைப்புக்கு ஒரு வரியாக வரும்.

டெபியனில் இன்னொரு பொறி இருக்கிறது. நெட்-டூல்ஸ் நிறுவியும் அதே பிழை வந்தால், சாதாரணப் பயனரின் தேடல் பாதையில் எஸ்பின் கோப்புறை இல்லை என்று பொருள். முழுப் பாதையைக் கொடுத்து ‘/எஸ்பின்/ஐஎஃப்கொன்ஃபிக்’ என்று அடியுங்கள். ‘எஸ்யு’ போட்டு நிர்வாகியாக மாறிய பிறகும் அதே பிழைதான் வருகிறது என்றால், ‘எஸ்யு -’ என்று சிறுகோட்டோடு மாறுங்கள். கோடு இல்லாவிட்டால் பழைய பயனரின் பாதையே தொடரும்.

விண்டோஸில் டெல்நெட் (வேறு கணினியோடு இணைந்து பார்க்கும் கட்டளை) கணினிக்குள்ளேயே இருக்கிறது, விஸ்டா காலத்திலிருந்து அணைத்து வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் பனலில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஒன் ஓர் ஒஃப்’ திறந்து ‘டெல்நெட் கிளையண்ட்’டுக்குச் சரி அடையாளம் போடுங்கள். மக்கில் 2017இல் வந்த ஹை சியெராவோடு டெல்நெட்டும், கோப்புகளை ஏற்றி இறக்கும் எஃப்டிபியும் எடுக்கப்பட்டுவிட்டன. ஹோம்புரூ (மக்கில் நிரல்களை நிறுவும் கருவி) இருந்தால் ‘புரூ இன்ஸ்டோல் டெல்நெட்’. ஐஎஃப்கொன்ஃபிக்கும் நெட்ஸ்டாட்டும் மக்கில் இன்றும் இருக்கின்றன. லினக்ஸில் பழகிய கையோடு அங்கே போய் ‘ஐபி ஏ’ அடித்தால்தான் கிடைக்காது.

அறிகுறி: கட்டளை ஓடுகிறது, முகவரி பிழையாக இருக்கிறது

‘ஐஎஃப்கொன்ஃபிக் ஈடிஎச்0’ அடித்தால் ‘டிவைஸ் நொட் ஃபவுண்ட்’ என்று வருகிறதா? ஈடிஎச்0 என்ற பெயர் இப்போது பெரும்பாலான லினக்ஸில் இல்லை. 2013இல் சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடக்கி நிர்வகிக்கும் நிரல்) 197 வந்ததிலிருந்து கார்ட் எந்த இடத்தில் செருகியிருக்கிறதோ அதை வைத்தே பெயர் உண்டாகிறது. வயர் இணைப்பு என்றால் ஈஎன்பி3எஸ்0 போலவும், வைஃபை என்றால் டபிள்யூஎல்பி2எஸ்0 போலவும் இருக்கும். வெறும் ஐஎஃப்கொன்ஃபிக் இயங்குகிற இணைப்புகளை மட்டுமே காட்டும். அணைந்து கிடப்பதையும் பார்க்க ‘-ஏ’ சேர்க்க வேண்டும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி முகவரி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கரண்ட் போய் வந்த பிறகு இது அடிக்கடி நடக்கும். கணினி அரை நிமிடத்தில் எழும்பிவிடும். பைபர் பெட்டியும் ரவுட்டரும் முழுதாக எழும்ப அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். ரவுட்டரின் விளக்குகள் நிலையாக எரியும்வரை பொறுத்திருந்து, விண்டோஸில் ‘ஐபிகொன்ஃபிக் /ரினியூ’ அடியுங்கள். நெட்வேர்க் மனேஜர் உள்ள லினக்ஸில் ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ் கனெக்ட்’ என்று அடித்து அதன் பின்னால் இணைப்பின் பெயரைப் போடுங்கள். அதற்குப் பிறகும் 169.254தான் என்றால் வயரையும் ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும்) அமைப்பையும் பார்க்க வேண்டும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 போட்டு அதற்குள் ஐஎஃப்கொன்ஃபிக் அடித்தால் 172இல் தொடங்கும் முகவரி வருவது பிழையில்லை. அந்த லினக்ஸ் விண்டோஸின் முதுகுக்குப் பின்னால் தனி நெட்வேர்க்கில் இருக்கிறது. கடையின் மற்றக் கணினிகளுக்கு அந்த முகவரியைக் கொடுத்துப் பயனில்லை, விண்டோஸின் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும்.

முகவரி சரி, ஆனால் இன்டர்நெட் வந்து வந்து போகிறதா? ‘ரூட் -என்’ அடித்துப் பாருங்கள், விண்டோஸில் ‘ரூட் பிரிண்ட்’. 0.0.0.0 என்று தொடங்கும் வரி ஒன்றுக்கு மேல் இருந்தால் வெளியே போக இரண்டு வாசல் திறந்திருக்கிறது. கடை வைஃபையும் டொங்கிளும் ஒன்றாகப் போட்டிருந்தால் இப்படி ஆகும். மெட்ரிக் எண் எதற்குக் குறைவோ அந்த வழியால்தான் போகும். டொங்கிளில் டேட்டா முடிந்திருந்தும் அதன் மெட்ரிக் குறைவாக இருந்தால், வைஃபை முழுப் புள்ளியோடு இருந்தும் ஒரு பக்கமும் திறக்காது. ரூட் கட்டளை ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று வருகிறது என்றால் ‘-என்’ போடாமல் விட்டிருக்கிறீர்கள்; ஒவ்வோர் எண்ணுக்கும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. நெட்ஸ்டாட், ஆர்ப், ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டுவது) மூன்றுக்கும் இதே மருந்துதான். விண்டோஸின் ட்ரேஸர்ட்டுக்கு மட்டும் ‘-டி’ (d).

அறிகுறி: பிங் பதில் தரவில்லை, அல்லது பதிலை நம்ப முடியவில்லை

முதலில் சின்ன விஷயம். லினக்ஸிலும் மக்கிலும் பிங் தானாக நிற்காது, கண்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்த வேண்டும். நான்கு முறை மட்டும் போதுமென்றால் ‘-சி 4’. விண்டோஸில் நான்கோடு நின்றுவிடும், தொடர்ந்து ஓட ‘-டி’ (t). இதே ‘-டி’யை லினக்ஸில் போட்டால் அது பாக்கெட்டின் (நெட்வேர்க்கில் போகும் தரவுத் துண்டின்) ஆயுள் எண்ணைக் கேட்கும், மக்கில் எத்தனை விநாடியில் நிறுத்துவது என்று கேட்கும். ஒரே எழுத்துக்கு மூன்று இடத்தில் மூன்று வேலை.

அடுத்தது பலரையும் ஏமாற்றுவது. விண்டோஸில் பில் கணினிக்குப் பிங் பண்ணுகிறீர்கள். ‘ரிப்ளை ஃபுரொம்’ என்று நான்கு வரி வருகிறது. கீழே இழப்பு 0 சதவீதம் என்று கணக்கும் போட்டுவிட்டது. எல்லாம் சரி என்று எழும்பிவிடாதீர்கள். வரியை வடிவாகப் பாருங்கள்: பதில் வந்தது 192.168.1.20இலிருந்தா, 192.168.1.35இலிருந்தா? உங்கள் சொந்த முகவரியிலிருந்து வந்து, வால் பக்கத்தில் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று இருந்தால், ஆளைக் காணவில்லை என்று உங்கள் கணினியே உங்களுக்குச் சொல்கிறது. விண்டோஸ் அதையும் ஒரு பதிலாக எண்ணிவிடுகிறது.

‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்றால் கதை வேறு. பாக்கெட் போனது, ஆனால் திரும்பவில்லை. எதிரில் இருப்பது விண்டோஸ் கணினி என்றால் பெரும்பாலும் அதன் ஃபயர்வோல் பிங்கை விழுங்கிவிட்டது. கணினி உயிரோடு இருக்கிறதா என்று உறுதிப்படுத்த, பிங் தோற்ற கையோடு ‘ஆர்ப் -ஏ’ அடியுங்கள். 192.168.1.20க்கு நேரே ஆறு ஜோடி எழுத்தில் வன்பொருள் முகவரி வந்திருந்தால் ஆள் இருக்கிறார், கதவைத்தான் திறக்கவில்லை. அந்த வரியே இல்லாவிட்டாலோ ‘இன்கம்ப்ளீட்’ என்று இருந்தாலோ, கணினி அணைந்திருக்கிறது, வயர் விட்டிருக்கிறது, அல்லது முகவரி மாறியிருக்கிறது. பிங்குக்குப் பதில் சொல்ல வைக்க, அந்தக் கணினியின் ஃபயர்வோல் உள்வரும் விதிகளில் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷெயரிங்’ வரிசையில் ‘எக்கோ ரிக்வெஸ்ட்’ என்று வரும் ஐசிஎம்பிவி4 விதியை இயக்குங்கள். ஃபயர்வோலை முழுதாக அணைக்கத் தேவையில்லை, அணைக்கவும் கூடாது. ஒரே முகவரிக்கு ஆர்ப் ஒரு தடவை ஒரு வன்பொருள் முகவரியையும் அடுத்த தடவை வேறொன்றையும் காட்டினால், இரண்டு கருவிக்கு ஒரே முகவரி விழுந்திருக்கிறது. கையால் முகவரி கொடுத்த டிவிஆரும் ரவுட்டர் தானாகக் கொடுத்த ஒரு கைபேசியும் மோதிக்கொள்வது வழக்கம். ரவுட்டர் கொடுக்கும் வீச்சை 100இலிருந்து 200வரை என்று ஒதுக்கிவிட்டு, கையால் கொடுப்பவற்றை 100க்குக் கீழே வையுங்கள்.

முகவரிகளைக் கொப்பியில் அழகாக மூன்று இலக்கமாக 192.168.1.020 என்று எழுதி வைக்கிறவர்கள் உண்டு. அப்படியே அடித்தால் பிங் 192.168.1.16ஐத் தேடிப் போகும். முன்னால் சுழியம் வந்தால் அந்த எண்ணை எட்டின் அடுக்கில் வாசிப்பது யுனிக்ஸின் பழைய பழக்கம். எட்டடுக்கில் 20 என்றால் நமக்குப் 16. பிங் அடித்ததும் முதல் வரியில் எந்த முகவரிக்குப் போகிறது என்று அது தானே சொல்கிறது. அந்த வரியை வாசிக்காமல் கீழே தாவுவதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

பிங் நன்றாக ஓடுகிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் பாதி திறந்து நிற்கின்றனவா? சின்னப் பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை. உடைக்காமல் அனுப்பிப் பாருங்கள். லினக்ஸில் ‘பிங் -எம் டூ -எஸ் 1472’ (எம் மட்டும் பெரிய எழுத்து), விண்டோஸில் ‘பிங் -எஃப் -எல் 1472’, பின்னால் முகவரி. 1472உடன் 28 பைட் தலைப்புச் சேர்ந்து 1500 ஆகும். அது தோற்று 1464 போனால், வழியில் பிபிபிஓஈ (சேவை நிறுவனத்தோடு இணையும் ஒரு முறை) 8 பைட் எடுக்கிறது. ரவுட்டரின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492ஆக இருக்க வேண்டும். 1464உம் போகாவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகிற எண்ணோடு 28ஐக் கூட்டி அதை எம்டியுவாக வையுங்கள்.

அறிகுறி: எண்ணுக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை

8.8.8.8க்குப் போய், தளத்தின் பெயருக்குப் போகாவிட்டால் பெயர் தேடும் இடத்தில்தான் பழுது. ‘என்எஸ்லுக்கப்’ பின்னால் பெயரையும், அதன் பின்னால் 8.8.8.8ஐயும் போட்டுப் பாருங்கள். அது பதில் தந்து, 8.8.8.8 போடாதபோது தராவிட்டால் ரவுட்டர் தரும் பெயர்ச் சேவையில் கோளாறு.

குழப்பமானது இதன் மறுபக்கம். என்எஸ்லுக்கப் சரியான முகவரி தருகிறது, பிங் வேறெங்கோ போகிறது. என்எஸ்லுக்கப் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை, நேரே பெயர்ச் சேவையிடம் போய்விடும். பிங் முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும். யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய வரி அங்கே இருக்கும். லினக்ஸில் அது ஈடிசி கோப்புறையில் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32க்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. விண்டோஸில் நோட்பேட்டால் திருத்திச் சேமிக்கும்போது ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று வால் ஒட்டிக்கொண்டால் நீங்கள் எழுதிய வரிக்கு எந்தப் பயனும் இருக்காது. கோப்புப் பெயரின் வாலைக் காட்டும்படி வைத்துவிட்டுச் சரிபாருங்கள்.

உபுண்டுவில் ரிசோல்வ்.கொன்ஃப் கோப்பில் 127.0.0.53 இருப்பது பிழையில்லை, அது கணினிக்குள்ளேயே ஓடும் இடைச் சேவை. அந்தக் கோப்பைக் கையால் திருத்தினால் மறுபடி எழுதப்பட்டுவிடும். உண்மையில் எந்தச் சேவையிடம் கேட்கிறது என்பதை ‘ரிசோல்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ காட்டும்.

அறிகுறி: ட்ரேஸ்ரூட்டில் வெறும் நட்சத்திரம்

நடுவில் இரண்டு மூன்று வரி நட்சத்திரமாக இருந்து கடைசி வரி ஒழுங்காக வந்தால் ஒன்றும் பழுதில்லை. அந்த ரவுட்டர்கள் வழிவிடுகின்றன, பேச மறுக்கின்றன, அவ்வளவுதான். கடைசிவரை நட்சத்திரமாகவே போனால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் கட்டளையைச் சந்தேகியுங்கள். லினக்ஸின் ட்ரேஸ்ரூட் யுடிபி பாக்கெட்டை 33434 போர்ட்டிலிருந்து (போர்ட் என்பது கணினியில் சேவைக்கொரு எண்ணோடு இருக்கும் கதவு) தொடங்கி அனுப்பும். விண்டோஸின் ட்ரேஸர்ட் பிங் வகைப் பாக்கெட்டை அனுப்பும். முன்னதை ஃபயர்வோல்கள் அதிகம் தடுக்கும். ஒரே இணைப்பில் விண்டோஸில் முழு வழியும் தெரிந்து லினக்ஸில் பாதியோடு நிற்பது இதனால்தான். ‘சூடோ ட்ரேஸ்ரூட் -ஐ’ என்று பெரிய எழுத்து ஐ போட்டால் விண்டோஸ் மாதிரியே அனுப்பும். பெரிய எழுத்து டி (T) போட்டால் இணையத் தளத்துக்குப் போவதுபோல டிசிபியில் போகும்.

இரண்டாவது வரியில் 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட முகவரி வருகிறதா என்று பாருங்கள். 2012இல் ஆர்எஃப்சி 6598 அந்த வீச்சை, பல வாடிக்கையாளரை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் சேவை நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியது. ரவுட்டரின் பக்கத்தில் வெளி முகவரியாகவும் அதே வீச்சு நிற்கிறது என்றால், கட்டாரில் இருக்கிற முதலாளி கடைக் கெமராவைப் பார்க்க வேண்டுமென்று நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர வழியில்லை. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே ஒரு சேவையகம் வழியாக விபிஎன் போட வேண்டும். இதைத் தெரியாமல் ரவுட்டரைத் திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணுவதுதான் அதிகம் நடக்கிறது.

அறிகுறி: டெல்நெட்டில் போர்ட்டைத் தட்டினால் விளங்காத பதில்

டெல்நெட்டால் உள்நுழைந்து வேலை செய்கிற காலம் போய்விட்டது. கடவுச்சொல் மறைக்கப்படாமல் வயரில் அப்படியே ஓடும். ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க இன்றும் அதைவிடச் சுருக்கமான கருவி குறைவு. முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் நான்கு விதமாகப் பதில் வரும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தைக் காட்டும்.

‘கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்’ உடனே வந்தால் அது நல்ல செய்தி. பாக்கெட் அந்தக் கணினிவரை போய்த் திரும்பியிருக்கிறது. வயர், முகவரி, வழி எல்லாம் சரி, அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க ஒரு நிரல் இல்லை. நெட்வேர்க்கை விட்டுவிட்டுச் சேவையைத் தொடக்குங்கள்.

நீண்ட நேரம் நின்று ‘டைம்ட் அவுட்’ என்றால் ஃபயர்வோல் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுத்துகிறது, அல்லது அந்த முகவரியில் ஆளே இல்லை. மேலே சொன்ன ஆர்ப் சோதனை எது என்று பிரித்துக் காட்டும்.

‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்பதை வழி அட்டவணைப் பழுது என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதே நெட்வேர்க்கில் ஆர்ப் பதில் வராதபோதும், சில லினக்ஸ் ஃபயர்வோல்கள் வெளிப்படையாக மறுக்கும்போதும் இதே வார்த்தைதான் வரும்.

இணைந்துவிட்டால் லினக்ஸில் ‘கனெக்டட்’ என்று சொல்லும். விண்டோஸில் ஒன்றும் சொல்லாமல் கறுப்புத் திரையாகிவிடும். பலர் அதைத் தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறார்கள், அதுதான் வெற்றி. 22ஆம் போர்ட் என்றால் ‘எஸ்எஸ்எச்-2.0’ என்று தொடங்கும் வரி தானாக வரும். 80 நீங்கள் கேட்கும்வரை பேசாமல் இருக்கும். 443இல் என்ன அடித்தாலும் பயனில்லை, அது மறைகுறியாக்கப்பட்ட பேச்சை எதிர்பார்க்கிறது. உள்ளே பார்க்க ‘ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் -கனெக்ட்’ வேண்டும். வெளியேறக் கண்ட்ரோலோடு வலச் சதுர அடைப்பை அழுத்தி, பிறகு ‘குவிட்’.

டெல்நெட் இல்லாத இடத்தில் ‘என்சி -விஇசட்’ முகவரி போர்ட். விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.1.20 -போர்ட் 3306’. கடைசி வரியில் ‘ட்ரூ’ என்றால் கதவு திறந்திருக்கிறது.

அறிகுறி: அதே கணினியில் வேலை செய்கிறது, பக்கத்துக் கணினியிலிருந்து மறுக்கிறது

பில் கணினி லினக்ஸ் என்று வையுங்கள், அதில் மரியாடிபி என்ற தரவுத்தளம் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரி. இரண்டாவது காசாளர் கணினியிலிருந்து 3306ஐத் தட்டினால் ‘ரிஃபியூஸ்ட்’. பில் கணினியில் ‘சூடோ நெட்ஸ்டாட் -டிஎல்என்பி’ அடித்து 3306 வரியைப் பாருங்கள். இடப்பக்கம் 127.0.0.1:3306 என்று இருந்தால் அது தன்னோடு மட்டும்தான் பேசும். 0.0.0.0:3306 என்றால் எல்லாரோடும் பேசும். டெபியனிலும் உபுண்டுவிலும் மரியாடிபி 127.0.0.1 என்றே அமைந்து வருகிறது. அதன் அமைப்புக் கோப்பில் ‘பைண்ட்-அட்ரஸ்’ வரியை 192.168.1.20 என்று மாற்றிச் சேவையை மறுபடி தொடக்குங்கள். பிறகு ‘சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃபுரொம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 3306’ என்று கடைக்குள் மட்டும் திறவுங்கள். இதற்குப் பிறகு 1130 என்ற பிழை வந்தால் நெட்வேர்க் வேலை முடிந்தது. தரவுத்தளத்தில் அந்தப் பயனருக்கு வெளிக் கணினியிலிருந்து வர அனுமதி கொடுக்க வேண்டும்.

சூடோ இல்லாமல் அடித்தால் நிரலின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு நிற்கும். விண்டோஸில் ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’, கடைசி எண்ணை டாஸ்க் மனேஜரில் தேடுங்கள். மக்கிலும் விண்டோஸிலும் ‘-பி’ (p) என்றால் நிரல் அல்ல, புரொட்டோகோல். லினக்ஸில் பழகிய குறியை அங்கே அப்படியே போட்டால் பிழைதான் வரும்.

‘டெல்நெட் லோக்கல்ஹோஸ்ட்’ அடித்தால் முதலில் ‘::1’க்கு மறுப்பும் அடுத்த வரியில் 127.0.0.1க்கு இணைப்பும் வருவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பெயர் முதலில் ஐபிவி6ஆக மாறுகிறது, சேவை ஐபிவி4இல் மட்டும் இருக்கிறது.

அறிகுறி: எஃப்டிபி உள்ளே விடுகிறது, பட்டியல் கேட்டால் தொங்குகிறது

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்பு வேண்டும். 21ஆம் போர்ட்டில் பேச்சு, வேறொன்றில் கோப்பு. பழைய முறையில் கோப்பு இணைப்பைச் சேவையகமே உங்களை நோக்கித் திறக்கும். நடுவில் ரவுட்டர் இருந்தால் அது உள்ளே வர முடியாது. கடவுச்சொல் ஏற்று, ‘எல்எஸ்’ அடித்ததும் தொங்குவது இதனால்தான். லினக்ஸில் ‘பாசிவ்’ என்று அடித்துவிட்டு மறுபடி கேளுங்கள். விண்டோஸோடு வரும் எஃப்டிபிக்குப் பாசிவ் முறை தெரியவே தெரியாது, எந்தக் கட்டளை போட்டும் பயனில்லை. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து கூடவே வரும் ‘கர்ல்’ இயல்பாகவே பாசிவில் போகும், அதைப் பயன்படுத்துங்கள். பிரவுசரில் முயல வேண்டாம். குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் 2021இல் எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன.

வந்த படமோ ஜிப் கோப்போ திறக்க மறுத்தால், அளவை மூலத்தோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் எழுத்து முறையில் இறங்கியிருக்கிறது. வரி முடிவுக் குறிகளை மாற்றிவிட்டது. ‘பைனரி’ அடித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அறிகுறி: பழைய ரவுட்டருக்கோ டிவிஆருக்கோ எஸ்எஸ்எச் போக மறுக்கிறது

ஆர்லொகினும் ஆர்எஸ்எச்சும் 513, 514 போர்ட்டுகளில் நம்பிக்கையின் பேரில் ஓடியவை, அவற்றைத் தேடாதீர்கள். அந்த இடத்தை, மறைகுறியாக்கி உள்நுழையும் எஸ்எஸ்எச் எப்போதோ எடுத்துக்கொண்டது. இப்போது பழசாகிப்போனது பெட்டிக்குள் இருக்கும் எஸ்எஸ்எச். ‘நோ மச்சிங்’, ‘தேர் ஒஃபர்’ என்ற சொற்கள் உள்ள பிழை வந்தால், உங்கள் கணினி கைவிட்ட பூட்டைத்தான் பெட்டி இன்னும் நீட்டுகிறது. ஓபன்எஸ்எஸ்எச் 2015இல் 7.0 பதிப்போடு டிஃபி-ஹெல்மன்-குரூப்1-ஷா1ஐ அணைத்தது. 2021இல் 8.8 பதிப்போடு ஷா1ஐ நம்பும் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ கையொப்பத்தை அணைத்தது. ‘தேர் ஒஃபர்’ என்பதற்குப் பின் வரும் பெயரை அப்படியே நகலெடுத்து, அந்த ஒரு முறைக்கு மட்டும் திறவுங்கள். பிழையில் ‘ஹோஸ்ட் கீ’ என்று இருந்தால் ‘-ஓ ஹோஸ்ட்கீஅல்கோரிதம்ஸ்=+’, ‘கீ எக்ஸ்சேஞ்’ என்றால் ‘-ஓ கெக்ஸ்அல்கோரிதம்ஸ்=+’, கூட்டல் குறிக்குப் பின்னால் நகலெடுத்த பெயர். எல்லாக் கணினிக்கும் சேர்த்து நிரந்தரமாகத் திறந்துவிடாதீர்கள். அமைப்புக் கோப்பில் எழுதுவதென்றால் 192.168.1.50க்கு மட்டும் எழுதுங்கள். அந்தப் பெட்டியை வெளி இன்டர்நெட்டுக்கும் காட்டக் கூடாது.

உள்ளே போய்விட்டது, ஆனால் கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபி மட்டும் ‘சப்சிஸ்டம்’ என்று ஏதோ சொல்லித் தோற்கிறதா? 2022இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியாகப் பேசுகிறது. சின்னப் பெட்டிகளில் அது இருப்பதில்லை. ‘எஸ்சிபி -ஓ’ என்று பெரிய எழுத்து ஓ போட்டால் பழைய மாதிரிப் பேசும்.

அறிகுறி: ஃபிங்கர், டோக் எதற்கும் பதிலில்லை

79ஆம் போர்ட்டில், கணினியின் பயனர்களைப் பற்றிச் சொல்லும் ஃபிங்கர் சேவை வைத்திருப்பவர் இன்று மிகக் குறைவு. 1988 நவம்பரில் மொரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஃபிங்கர் சேவையின் ஓட்டையும் ஒன்று. ‘ரிஃபியூஸ்ட்’ வருவதுதான் இயல்பு. ஒரே கணினிக்குள் இரண்டு பேர் ‘டோக்’, ‘ரைட்’ கட்டளைகளால் பேச முடியாவிட்டால், எதிரில் இருப்பவர் ‘மெஸ்ஜி வை’ அடிக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாக் கட்டளையும் சரி, ஆனால் மெதுவு, விட்டு விட்டு வருகிறது

நூறு பிங்கில் நாலைந்து விழுகிறது, வைஃபையில் அந்தச் சிக்கல் இல்லை என்றால் வயரைப் பாருங்கள். லினக்ஸில் ‘சூடோ ஈடிஎச்டூல்’ பின்னால் இணைப்பின் பெயர். வேகம் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 காட்டினால் நாலு ஜோடிக் கம்பியில் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. 1000க்கு நாலு ஜோடியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய கம்பிகள் போதும், அதனால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ‘ஐஎஃப்கொன்ஃபிக்’ வெளியீட்டில் ஆர்எக்ஸ் எரர்ஸ் எண் பார்க்கப் பார்க்க ஏறினாலும் இதே சந்தேகம்தான்.

கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது, பொத்துவில் என்று கடலோரமாக இருக்கிற கடைகளில் பிளக்கின் உலோகப் பற்களில் பச்சை பிடிக்கும். வாடைக் காற்று உப்பைக் கொண்டுவரும். கச்சான் அடிக்கும்போது தூசி போர்ட்டுக்குள் ஏறும். பச்சை பிடித்த பிளக்கைச் சுரண்டிப் பாவிக்காதீர்கள், வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைக் கிரிம்ப் பண்ணுங்கள், இரண்டு முனையும். மேலே பொன் பூச்சுள்ள பிளக் கொஞ்சம் கூட விலை, ஆனால் கடலோரத்தில் அதைத்தான் போட வேண்டும்.

இடி மின்னலுக்குப் பிறகு விளக்கே எரியாத போர்ட் என்றால், அதே வயரை ஸ்விட்சின் வேறு துளையில் செருகிப் பாருங்கள். அங்கே எரிந்தால் ஸ்விட்சில் ஒரு துளை போய்விட்டது. அங்கேயும் எரியாமல், வேறு கணினியில் செருகினால் எரிந்தால் உங்கள் கணினியின் போர்ட் போய்விட்டது. யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடப்டர் ஒன்று போட்டு வேலையைத் தொடரலாம். டெபியன் வழி லினக்ஸில் அதன் பெயர் ஈஎன்எக்ஸ் என்று தொடங்கி வன்பொருள் முகவரி முழுதும் ஒட்டிய நீளப் பெயராக இருக்கும். பழைய பெயருக்கு எழுதிய நிலையான முகவரி அதற்குப் பொருந்தாது. அமைப்புக் கோப்பில் பெயரை மாற்றி எழுதினால்தான் 192.168.1.20 மறுபடி எழும்பும்.